ஏரியின் அடியில் கிடக்கும் கடன்

தவறு செய்தவன் அதனை நிறுத்திவிட்டால் போதுமா? நிறுத்திய அன்றே கணக்குத் தீர்ந்துவிடுமா? அன்றாட வாழ்வில் நாம் இக்கேள்வியை மிக எளிதாகக் கடந்துவிடுகிறோம். "இனிமேல் செய்யமாட்டேன்" என்று சொன்னவுடன் எதிரில் இருப்பவர் மனம் ஆறிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஆறாவிடில் அவர்மீதே சினம் கொள்கிறோம். இக்கேள்வியை மனிதரிடையே வைத்துப் பார்த்தால் நமக்குச் சாதகமான பல சமாதானங்கள் கிடைக்கும். நம்மோடு வாதாடவும் தெரியாத, நம்மை மன்னிக்கவும் தெரியாத ஒன்றின் முன்னே வைத்துப் பார்ப்பது நன்று. எனவே ஓர் ஏரியையும் அதில் வாழும் ஒரு மீனையும் எடுத்துக்கொள்கிறோம். மீனைப் பற்றி அறநெறிக் கட்டுரையா என்று வாசகர் நகைக்க வேண்டாம். சற்றுப் பொறுத்திருந்து கேட்க வேண்டுகிறோம்.

அந்த மீனின் பெயர் டிரவுட். குளிர்ந்த, உயிர்க்காற்று மிகுந்த, தெளிந்த நீரில் வாழ்வது. நீலகிரிக்குச் சென்று வந்தோர் சிலர், அவலாஞ்சிப் பகுதியில் ஆங்கிலேயர் காலத்தில் அமைந்த டிரவுட் பொரிப்பகத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். நம் மலைநீரோடைகளுக்கு அது வந்தேறிய மீன். அதன் தாயகங்களுள் ஒன்று ஸ்காட்லாந்து. அந்நாட்டில் கின்ராஸ் என்னும் சிற்றூரை ஒட்டிக் கிடக்கும் லொக் லீவன் என்ற ஏரிதான் நாம் எடுத்துக்கொண்ட ஏரி. ஸ்காட்லாந்தின் ஏரிகள் என்றாலே மலைகளுக்கிடையே இருண்டு ஆழ்ந்து கிடப்பவை நம் நினைவுக்கு வரும். இது அத்தகையதன்று. வயல்கள் சூழ்ந்த தாழ்நிலத்தில் ஏறத்தாழ 13 சதுரக் கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. சராசரி ஆழமோ 4 மீட்டருக்கும் குறைவு. பரப்பு பெரிது, ஆழம் சிறிது. இந்த ஒரு செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏரியின் சிறப்பும் அதன் துன்பமும் இதிலிருந்தே பிறந்தன.

ஆழமற்ற ஏரியில் கதிரொளி அடித்தரை வரை செல்லும். அங்கே நீர்ச்செடிகள் வேரூன்றும். செடிகளில் நத்தைகளும் பூச்சிகளும் பெருகும். காற்று வீசும்போதெல்லாம் நீர் முழுவதும் கலங்கிக் கலக்கும். மீனுக்கு உணவு எங்கும் கிடைக்கும். மலையேரியில் கையளவே வளரும் டிரவுட், இங்கே கொழுத்து வெள்ளி மின்ன வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வேரி மீனின் முட்டைகளைக் கொண்டு ஹவீடவுன் என்னுமிடத்தில் புகழ்பெற்ற பொரிப்பகம் ஒன்று நடந்தது. அவ்வினம் கடல் கடந்து வட அமெரிக்கா வரை சென்றது. ஒரு சிற்றூர் ஏரியின் பெயர் உலகெங்கும் ஒரு மீனின் பெயராகவே வழங்கியது.

வரலாற்றிலும் இவ்வேரிக்கு இடம் உண்டு. அதிலுள்ள தீவுக் கோட்டையில்தான் ஸ்காட்லாந்து அரசி மேரி 1567ஆம் ஆண்டு சிறைவைக்கப்பட்டு, அங்கேயே முடிதுறக்கச் செய்யப்பட்டு, மறு ஆண்டு மே மாதத்தில் தப்பிச் சென்றார். புனித செர்ப் பெயரால் வழங்கும் மற்றொரு தீவில் அகுஸ்தீன் சபைத் துறவியர் வாழ்ந்தனர். அவர்கள் கண்ட ஏரி இன்றுள்ளதைவிடப் பெரிது. 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில், கீழே ஆற்றோரம் இருந்த ஆலைகளுக்குச் சீராக நீர் கிடைக்கவும் கரையில் விளைநிலம் பெறவும் வாய்க்கால் வெட்டி, மதகு வைத்து, நீர்மட்டத்தைச் சுமார் நான்கரை அடி இறக்கினார்கள். ஏரியின் பரப்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கரையாயிற்று. அதன்பின் சில ஆண்டுகளுக்குள், அதுவரை அங்கு வாழ்ந்த சார் என்னும் மீனினம் அடியோடு இல்லாமற் போயிற்று. இன்று அதற்காகக் கண்ணீர் விடுவார் எவரும் இல்லை. தாத்தா காணாததைப் பேரன் இழந்ததாகக் கருதுவதில்லை அல்லவா? மனிதரின் துயரம் அவர்கள் கண்டதளவே நீளுகிறது என்பதை ஈண்டுக் குறித்து வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

டிரவுட் பிடிப்பது அங்கே ஒரு தொழிலாகவும் இருந்தது, பொழுதுபோக்காகவும் இருந்தது. படகில் இருவர் அமர்ந்து, காற்று இழுக்கும் வழியே படகை விட்டு, இறகாலும் நூலாலும் செய்த செயற்கை ஈயை நீண்ட தூண்டிலின் நுனியில் கட்டி நீர்ப்பரப்பில் வீசி இழுப்பார்கள். மாலையில் கரை சேர்ந்ததும் பிடித்த மீன்களை எண்ணி, எடை பார்த்து, ஏட்டில் பதிவு செய்வார்கள். நூறாண்டுக்கு மேல் நீளும் இந்த ஏடு மிகுந்த மதிப்புடையது. மனிதர் தம் இன்பத்துக்காக எழுதிய கணக்கு, பின்னர் அவர்களுக்கு எதிரான சாட்சியாகவும் ஆகிவிட்டது.

இவ்விடத்தில் வாசகர் ஒருவர் நம்மைத் தடுத்துக் கேட்கலாம்: "பசிக்காக அன்றி இன்பத்துக்காக மீனைத் தூண்டிலில் மாட்டுகிறவன், மீன் குறைந்ததற்காக வருந்துவது போலியன்றோ?" நியாயமான கேள்விதான். நாமும் அதற்கு முழு விடை வைத்திருக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறோம். ஒரு பொருளைத் தன் நலத்துக்காகவேனும் நாள்தோறும் உற்றுப் பார்க்கிறவனே அதன் மாற்றத்தை முதலில் காண்கிறான். எந்த மாதத்தில் எந்த ஈ நீரிலிருந்து எழும்பும், எந்தக் காற்றில் மீன் எந்தக் கரைக்கு வரும் என்பதெல்லாம் அந்தத் தூண்டிற்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் அன்பு தன்னலம் கலந்தது என்பது உண்மை. நம்முள் எவருடைய அன்பு அவ்வாறு கலவாதது?

இனி நடந்ததைச் சொல்கிறோம். கின்ராஸில் கம்பளி ஆலை ஒன்று இருந்தது. கம்பளி ஆடைக்குப் பெரும் பகை அந்துப்பூச்சி. பெட்டியில் மடித்து வைத்த ஆடையை மறு குளிர்காலத்தில் எடுத்தால் சல்லடையாகத் துளைத்து வைத்திருக்கும். இதனைத் தடுக்க 1958 முதல் 1964 வரை டீல்ட்ரின் என்னும் பூச்சிக்கொல்லியைக் கம்பளியில் ஏற்றினார்கள். அதன் கழிவு ஏரிக்கு வந்தது. டாப்னியா என்று ஒரு நுண்ணுயிர் உண்டு, நீர்த்தெள்ளு எனலாம். கடுகினும் சிறிய இவ்வுயிர் நீரில் மிதக்கும் பாசியை உண்டு நீரைத் தெளிவாக வைத்திருக்கும், மீனுக்கும் உணவாகும். அந்நாள்களில் டாப்னியா ஏரியிலிருந்து மறைந்தது. 1970ஐ ஒட்டியே திரும்பி வந்தது. டீல்ட்ரினே அதற்குக் காரணம் என ஆய்வாளர் கருதுவர். கொடியவன் ஒருவன் ஏரியைக் கெடுக்கத் திட்டமிட்டான் என்று இங்கே சொல்ல முடியாது. தன் குளிர்ச்சட்டையில் ஓட்டை விழக்கூடாது என்று விரும்பிய எங்கோ ஒரு குடும்பத் தலைவியும், அவளுக்கு நல்ல சரக்கைத் தர விரும்பிய ஆலைக்காரரும், நாள்கூலிக்குச் சாயத்தொட்டியில் நின்ற தொழிலாளியும்தாம் இருந்தார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்திக் கேட்டால் குற்றம் எதுவும் அகப்படாது. எல்லாரையும் சேர்த்துக் கேட்டால் ஓர் உயிரினம் ஏரியில் இல்லை.

வியப்பான செய்தி ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன அந்த ஏட்டில் மிகச் செழிப்பான ஆண்டு 1960. அவ்வாண்டில் 80,000க்கும் மேற்பட்ட டிரவுட்டுகள் பிடிபட்டன. நஞ்சு ஓடிக்கொண்டிருந்த ஆண்டுகளின் நடுவிலேயே ஏடு என்றுமில்லாத நிறைவைக் காட்டியது! அவ்வாண்டு மாலைகளில் கரையில் மீனை எண்ணியவர்களிடம் ஏரி நோயுற்றிருக்கிறது என்று எவரேனும் சொல்லியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? நம் வீட்டில் வருவாய் மிகுந்த ஆண்டில் நம்மிடம் எவரேனும் கணக்குக் கேட்டால் என்ன நேருமோ அதுவே நேர்ந்திருக்கும்.

டீல்ட்ரின் நின்றது. ஆயினும் மற்றொன்று நிற்கவில்லை. அது பாஸ்பரஸ். நஞ்சன்று, வயலுக்கு நாமே விலை கொடுத்து வாங்கி இடும் உரச்சத்துதான். ஆலைக்கழிவிலும், ஊர்ச் சாக்கடையிலும், துணி வெளுக்கும் சோப்புத்தூளிலும், மழையில் கரைந்தோடும் வயல் மண்ணிலும் அது வந்தது. 1985 அளவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 20 டன் பாஸ்பரஸ் இந்த ஆழமற்ற ஏரியில் சேர்ந்தது. சத்து மிகுந்தால் பாசி பெருகும். பாசி பெருகினால் ஒளி கீழே இறங்காது. ஒளி இல்லையேல் அடியில் உள்ள செடி மடியும்; செடியோடு நத்தையும் பூச்சியும் போகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நான்கரை மீட்டர் ஆழம் வரை வளர்ந்த நீர்ச்செடிகள், 1972இல் ஒன்றரை மீட்டருக்குக் கீழே வளரவில்லை. ஏரியின் அடித்தரையில் பெரும்பகுதி இருட்டறையாயிற்று. ஆண்டுப் பிடிப்போ வரவரச் சுருங்கிச் சில ஆயிரங்களில் வந்து நின்றது.

காரணம் தேடும்போது மனிதர் கண்ணுக்கு முதலில் படுவது எது? கருநிற நீர்க்காகம்! ஏரியில் முக்குளித்து மீனைக் கவ்வி மேலே வரும் அதனை எல்லாரும் காண முடியும். கரைந்து வரும் பாஸ்பரஸை எவரும் காண முடியாது. 1964இல் தேசிய இயற்கைக் காப்பிடமாக அறிவிக்கப்பட்ட ஏரி அது. நாரைகளும் வாத்துகளும், குளிர்காலத்தில் ஆயிரமாயிரம் காட்டு வாத்தினங்களும் தங்குமிடம். எனவே பறவையைக் காப்போருக்கும் மீனைப் பிடிப்போருக்கும் வழக்கு எழுந்தது. நீர்க்காகம் மீன் தின்பது உண்மைதான். ஆனால் நூற்றாண்டுகளாக மீனும் நீர்க்காகமும் சேர்ந்தே இருந்த உலகில், புதிதாக வந்தது எது என்று எண்ணிப் பார்ப்பது நம் கைகளையே நாம் பார்ப்பதாக முடியும். அதனால்தான் பறவையைப் பார்ப்பது எளிதாக இருந்தது.

1992ஆம் ஆண்டு ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஏரி தன் நிலையைத் தானே வெளிப்படுத்திற்று. நச்சுத்தன்மை கொள்ளக்கூடிய நீலப்பச்சைப் பாசி திரண்டு, கரையெங்கும் பச்சைக் குழம்பாக ஒதுங்கியது. மக்கள் அந்நாளுக்குப் "பாசிப்படலச் சனிக்கிழமை" என்ற பொருளில் பெயரிட்டு இன்றும் நினைவுகூர்கிறார்கள். ஆலைக்கழிவு 1980களின் இறுதியிலேயே கட்டுக்குள் வந்திருந்தது. அந்தச் சனிக்கிழமைக்குப் பின் சாக்கடை சுத்திகரிப்பும் மேம்பட்டது. 1995இல் ஏரிக்கு வந்த பாஸ்பரஸ் 8 டன் அளவுக்குக் குறைந்தது. இது சிறிய செயலன்று, பாராட்டத்தக்கது.

ஆனால் அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. 1993இல் அந்த ஏரியில் பொரிப்பகத்து வானவில் டிரவுட்டுகளைக் கொணர்ந்து விட்டார்கள். வானவில் டிரவுட் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு உரிய மீன். தொட்டியில் தீனி உண்டு விரைவில் பருக்கும்; தூண்டிலை அஞ்சாமல் கவ்வும். இங்கிலாந்தில் 1966இல் திறந்த கிராபம், ரட்லண்ட் போன்ற நீர்த்தேக்கங்களில் இவ்வாறு மீனை விட்டுப் பிடிக்கும் பழக்கம் பெருகியிருந்தது. பணம் கட்டினால் பெரிய மீன் உறுதி என்ற நிலைக்குத் தூண்டிற்காரர் பழகிவிட்டார்கள். நாள் முழுதும் வீசி, ஒன்றும் இன்றித் திரும்பும் காட்டு மீன் ஏரிக்கு யார் வருவார்? படகோட்டிக்கும் விடுதிக்காரருக்கும் வயிறு உண்டு. எனவே வானவில் மீன் வந்தது. 2004 வரை ஆண்டுதோறும் வந்தது.

இச்செயலைக் குறித்தே நாம் அதிகம் சிந்தித்தோம். இது தவறா? பிழைப்பு இழக்கவிருந்தவர்களை எண்ணும்போது, தவறு என்று சொல்ல நம் நா எழவில்லை. ஆயினும் இதற்குரிய சரியான பெயரைச் சொல்லவேண்டும். இது ஈடுசெய்தல் அன்று, இடத்தை நிரப்புதல். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஏட்டில் எண்ணிக்கை ஏறும், படகு நிறையும், ஏரி பிழைத்துவிட்டது என்று ஊரார் பேசுவார்கள். ஈடுசெய்தல் என்பது இழந்தவரை நோக்கியது. இடத்தை நிரப்புதல் இழப்பைக் காண விரும்பாத நம்மை நோக்கியது. தந்தைக்குச் செய்த துரோகத்துக்கு வருந்தாமல் அவருக்குப் புதுவேட்டி எடுத்துக் கொடுக்கும் மகனை நாம் அறிவோம். வேட்டி நல்லதுதான், தந்தை உடுத்தவும் செய்வார். பேசவேண்டிய பேச்சு மட்டும் பேசப்படாமலே இருக்கும்.

வானவில் மீன் நிறைந்திருந்த அந்தப் பத்தாண்டுகளில், ஏரியின் அடியில் நடந்தது வேறு கதை. வரும் பாஸ்பரஸ் குறைந்துவிட்டதே, நீர் ஏன் தெளியவில்லை என்று ஆய்வாளர் கேட்டார்கள். விடை சேற்றில் இருந்தது. பல ஆண்டுகளாக வந்து சேர்ந்த பாஸ்பரஸ் வண்டலில் படிந்து கிடந்தது. கோடையில் நீர் வெதுவெதுப்பாகி அடியில் உயிர்க்காற்று குறையும்போதெல்லாம் வண்டல் அதைத் திரும்ப நீருக்கு விடும். ஆழமான ஏரியில் அடிச்சேறு கோடை முழுதும் தனித்துக் கிடக்கும்; இதுபோன்ற ஏரியில் சேறும் நீரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருக்கின்றன. ஆகையால் 1970இல் விழுந்த சோப்புத்தூள் 1997இல் பாசியாயிற்று. கடனை நிறுத்திவிட்டோம், ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருந்தது என்றுதான் சொல்லவேண்டும். அதைக் கட்டியவர்கள் கடன் வாங்கியவர்கள் அல்லர், அவர்களுடைய பிள்ளைகள்.

சேற்றைத் தோண்டி எடுக்கலாமே என்று தோன்றும். 13 சதுரக் கிலோமீட்டர் ஏரியில் அது எளிதன்று. தோண்டினால் இன்னும் கலங்கும். பிறகு என்ன செய்வது? காத்திருக்க வேண்டும். மேலும் சேர்க்காமல், கோடைதோறும் பச்சையாகும் நீரைப் பார்த்துக்கொண்டு, ஏரி தன் அடியைத் தானே கழுவிக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டும். செயலே அறம் என்று பழகிய நமக்கு இது மிகக் கடினமான கட்டளை. மன்னிப்புக் கேட்டவன், மன்னிப்புக் கிடைக்கும் நாளைத் தான் குறிக்க முடியாது என்பதை ஏற்றுக்கொள்வது எவ்வளவு கடினம்! வானவில் மீன் விடுவதை 2004இல் நிறுத்தினார்கள். பொரிப்பகத்தில் வளர்த்த பழுப்பு டிரவுட்டுக் குஞ்சுகளை விடுவதும் அதற்கடுத்த ஓரிரு ஆண்டுகளில் நின்றது. அதன்பின் படகுகள் குறைந்தன, வருவாய் குறைந்தது. ஏரிக்கு அதன் மீனை அதுவே தரட்டும் என்று விட்டது அந்நாளில் தோல்வியாகவே தோன்றியிருக்கும்.

அங்கே இன்று நடைமுறையில் உள்ள ஒரு விதி நம் கருத்தைக் கவர்ந்தது. அந்த ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில், பொதுச் சாக்கடையோடு இணையாத ஒரு புது வீடு கட்டவேண்டுமானால், அவ்வீட்டின் கழிவுத்தொட்டியிலிருந்து ஏரிக்குப் போகும் பாஸ்பரஸ் எவ்வளவோ, அதன் 125 விழுக்காட்டை வேறெங்கேனும் குறைத்துக் காட்டவேண்டும். நடைமுறையில், பக்கத்திலுள்ள ஒருவரின் பழைய கழிவுத்தொட்டியைத் தன் செலவில் சீர்செய்து தரவேண்டும். கட்டுகிறவன் ஏரிக்கு இன்னும் ஒரு தீங்கும் செய்யவில்லை. ஆயினும் தான் எடுக்கப்போவதைவிடக் கூடுதலாக, தான் செய்யாத தவறு ஒன்றுக்காக, முன்கூட்டியே கொடுக்கிறான். "முன்னோர் தின்ற கடனுக்கு நான் ஏன் கட்டவேண்டும்?" என்று அவன் கேட்டால் தருக்கப்படி அவன் கேள்வி சரியே. ஆனால் அந்த ஏரிக்கரையில் வீடு கட்ட விரும்புகிறவன் முன்னோர் விட்டுச்சென்ற அழகை மட்டும் உரிமையாக்கிக்கொண்டு அவர்கள் விட்டுச்சென்ற சேற்றை மறுக்க முடியுமா? வீட்டையும் வயலையும் பங்கு கேட்கும் பிள்ளை, அடகுச்சீட்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறான்.

காத்திருந்தது வீண்போகவில்லை. 2000க்குப் பின் மெல்ல மெல்ல நீர் தெளிந்தது. 1972இல் ஒன்றரை மீட்டரில் நின்றிருந்த நீர்ச்செடிகள், 2010இல் நான்கு மீட்டருக்கும் கீழே வேரூன்றியிருந்தன. நூறாண்டுக்கு முன்பிருந்த எல்லையை ஏறத்தாழத் தொட்டுவிட்டன. ஆயினும் கதை மங்களமாக முடிந்தது என்று சொல்லிவிட வேண்டாம். வெப்பம் மிகுந்த கோடைகளில் பாசிப்படலம் இன்றும் எழுவதுண்டு; புவி சூடேறி வருவது அதற்குத் துணை செய்கிறது. இந்தப் புதுக்கடன் கின்ராஸ் ஊரார் மட்டும் வாங்கியதன்று. நம் வீட்டு அடுப்புக்கும் ஊர்திக்கும் அதில் பங்குண்டு.

தூண்டிற்காரர் பலர் திரும்பவில்லை. இது நமக்கு மற்றெல்லாவற்றையும்விட உறுத்துகிறது. அவர்கள் குளத்தில் விட்ட பெரிய மீனுக்குப் பழகிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் காட்டு டிரவுட்டை அறியவே இல்லை. சார் மீனை மறந்ததுபோல் இதனையும் மறக்கப் போகிறார்களோ என்னவோ. ஏரி நலம் பெற்றபோது, அதன் நலத்தைக் கண்டறியும் கண்கள் குறைந்திருந்தன.

எனினும் மீன் எவர் கண்ணுக்காகவும் காத்திருப்பதில்லை. குயீக் என்னும் பெயரால் வடக்கிலும் தெற்கிலுமாக இரண்டு சிற்றாறுகள் அந்த ஏரியில் வந்து விழுகின்றன. இலையுதிர்காலம் முடிந்து குளிர் இறங்கும் நாள்களில், ஏரியின் பழுப்பு டிரவுட்டுகள் மழைவெள்ளத்தை எதிர்த்து அந்த ஆறுகளில் ஏறுகின்றன. பெண்மீன் வாலால் கூழாங்கற்களை விலக்கிப் பள்ளம் பறித்து முட்டையிட்டு, மீண்டும் கற்களால் மூடுகிறது. முட்டைகள் குளிர்காலம் முழுதும் அக்கற்களின் இடுக்கில் கிடக்கும். வயலிலிருந்து கரைந்து வரும் மண் அந்த இடுக்குகளை அடைக்காதிருந்தால், வசந்தத்தில் குஞ்சுகள் வெளிவரும். ஓராண்டோ இரண்டாண்டோ ஓடையில் வளர்ந்தபின், ஒரு நாள் அவை நீரோட்டத்தோடு இறங்கி ஏரிக்குள் செல்லும்.